பெட்டியில் எழுதிய வாட்டும் கண் காணும் வெளிச்சமும்

திருவண்ணாமலையில் விழா விளக்குத் தொழில் செய்வோரிடையே லேசர் கருவி ஒன்று கைமாறும்போது, கொடுப்பவரும் வாங்குபவரும் முதலில் பேசிக்கொள்வது அது எத்தனை வாட் என்பதைத்தான். நிறத்தை அழகைச் சார்ந்த செய்தியாகவும் வாட்டை வெளிச்சத்தைச் சார்ந்த செய்தியாகவும் பிரித்துப் பேசுவது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கம் லேசருக்குப் பொருந்தாது. ஒரே வாட் அளவுள்ள பச்சைக் கதிரையும் சிவப்புக் கதிரையும் நீலக் கதிரையும் கோயில் மதிலின்மீது அருகருகே விழச்செய்தால், பச்சை கண்ணைப் பறிக்கும், சிவப்பு அடங்கித் தெரியும், நீலம் ஆழ்ந்த நிறமாகத் தோன்றுமே தவிர வெளிச்சமாகத் தோன்றாது. மூன்றிலிருந்தும் வெளியேறும் ஆற்றல் ஒன்றே. வேறுபாடு முழுவதும் பார்ப்பவரின் கண்ணில் உண்டாகிறது. இத்தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட இக்கட்டுரையாளர், அந்த வேறுபாட்டை அறியாமல் வைக்கப்படும் விளக்குகள் இவ்வூரின் மிகப் பெரிய விழாவுக்கும் அதைக் காண வருவோரின் கண்களுக்கும் ஊறு செய்வதைக் கண்டு வருபவர். இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணமும் அதுவே.

ஒளி அலைகளாகப் பரவுகிறது. ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தொலைவு அலைநீளம் எனப்படும். இதை நானோமீட்டரில் அளப்பர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். மனிதக் கண்ணுக்குப் புலப்படுவது ஏறத்தாழ 400 நானோமீட்டரிலுள்ள ஊதாவிலிருந்து 700 நானோமீட்டரிலுள்ள அடர்சிவப்பு வரையிலான சிறு பகுதி மட்டுமே, அந்தப் பகுதிக்குள்ளும் கண் எல்லா அலைநீளங்களையும் சமமாக ஏற்பதில்லை. பகல் வெளிச்சத்தில் பழகிய கண் மிகுதியாக உணர்வது 555 நானோமீட்டரிலுள்ள மஞ்சள் கலந்த பச்சையை. அதிலிருந்து இருபுறமும் விலக விலக உணர்திறன் சரிந்து, இரு ஓரங்களிலும் இல்லையென்றே ஆகிவிடுகிறது. பலருடைய கண்களை அளந்து பெற்ற சராசரியைக் கொண்டு பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1924இல் இந்தச் சரிவுக்கு ஒரு தர வளைகோட்டை ஏற்றுக்கொண்டது. வாட் என்பது ஒளியின் ஆற்றலை அளக்கும் அலகு; அந்த ஆற்றலை இவ்வளைகோட்டின் வழியே எடைபோட்டுக் கண் எவ்வளவு வெளிச்சமாக ஏற்கிறது என்று சொல்லும் அலகு லூமன். 555 நானோமீட்டரில் ஒரு வாட் ஒளி 683 லூமன் தருகிறது. விழா லேசர்களில் இப்போது பரவலாக இருக்கும் 520 நானோமீட்டர் பச்சையில் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 485 லூமனும், 638 நானோமீட்டர் சிவப்பில் ஏறத்தாழ 130 லூமனும், 450 நானோமீட்டர் நீலத்தில் வெறும் 26 லூமனும் கிடைக்கின்றன. எனவே மூன்று வாட் நீல லேசர் என்று விளம்பரப்படுத்தப்படும் கருவி, கால் வாட் பச்சைக்கும் குறைந்த லூமனையே தருகிறது.

சிவப்பு என்று பொதுவாகச் சொல்வதற்குள்ளும் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. வளைகோடு சிவப்புப் பக்கத்தில் மிகச் செங்குத்தாக இறங்குவதால், 638 நானோமீட்டரில் 130 லூமனாக இருப்பது 650இல் 73ஆகவும் 660இல் 42ஆகவும் குறைந்துவிடுகிறது. கண்ணுக்கு நிற வேறுபாடு பெரிதாகத் தெரியாத அந்த இருபது நானோமீட்டர் இடைவெளியில் வெளிச்சத்தின் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியடோர் மைமன் இயக்கிக் காட்டிய உலகின் முதல் லேசர், செம்மணிப் படிகத்திலிருந்து 694.3 நானோமீட்டர் ஒளியைத் தந்தது. அங்கே ஒரு வாட்டுக்கு நான்கு லூமனளவே கிடைக்கும் என்பதால், லேசரின் வரலாறு கண் ஏறக்குறைய புறக்கணிக்கும் ஒரு நிறத்தில்தான் தொடங்கியது எனலாம். 1962இல் வந்த ஹீலியம்-நியான் குழாயின் 632.8 நானோமீட்டர் சிவப்பு, அதே வாட்டுக்கு அதைப்போல் நாற்பது மடங்களவு வெளிச்சமாகத் தெரிந்தது. மலிவான கருவிகளின் பெட்டியில் வாட் பெரிய எழுத்தில் அச்சாகி அலைநீளம் விடுபட்டிருக்கும்போது அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் 650 அல்லது 660 என்பதை, ஒருமுறை சுவரில் அடித்துப் பார்த்தாலே தொழிலில் பழகிய கண் சொல்லிவிடும்.

இந்த வேறுபாடு லேசர் வரும்வரை இவ்வூர்த் தொழில்காரர்களுக்குப் புலப்படாமல் இருந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. சீரியல் பல்பு, ஃபோகஸ் லைட், ஹாலஜன் என்று இழை எரியும் விளக்குகளின் காலத்தில், நிறம் வேண்டுமானால் விளக்கின் முன் ஜெலட்டின் தாளைக் கட்டுவார்கள், அல்லது பல்பின்மீதே சாயம் பூசுவார்கள். நீலத் தாளைக் கட்டினால் வெளிச்சம் படுத்துவிடும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் இழை விளக்கு நீல ஒளியைக் குறைவாகவே உமிழ்கிறது. தாளோ மற்ற நிறங்களை எல்லாம் விழுங்கிவிடுகிறது. ஆகவே குறை விளக்கிலும் தாளிலும் இருப்பதாகவே தொழில் கற்றுக்கொண்டது, கண்ணின் பங்கு அந்த இரண்டுக்கும் பின்னால் மறைந்து கிடந்தது. லேசரில் தாளும் இல்லை, இழையும் இல்லை. ஒரே அலைநீளம் மட்டும் முழு ஆற்றலோடு புறப்படுகிறது. அப்படியும் நீலம் மங்கலாகத் தெரிந்தபோதுதான், மங்கலின் ஒரு பகுதி எப்போதும் கண்ணிலேயே இருந்தது என்ற உண்மை வெளிப்பட்டது.

லூமன் கணக்கும் முழு விடை ஆகாது. கலப்பில்லாத, செறிந்த நிறம் அதே லூமன் அளவுள்ள வெள்ளையைக் காட்டிலும் கண்ணுக்குக் கூடுதல் பிரகாசமாகத் தோன்றுகிறது. ஜெர்மானிய அறிஞர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கோல்ராஷ் ஆகியோர் பெயரால் வழங்கும் இவ்விளைவு நீலத்திலும் சிவப்பிலும் மிகுதியாகவும் மஞ்சளை ஒட்டிய பகுதியில் குறைவாகவும் காணப்படுகிறது. உலகிலுள்ள ஒளிமூலங்களில் லேசரின் நிறமே மிகச் செறிந்தது என்பதால், 26 லூமன் நீலம் கணக்கு சொல்வதைவிட மேலாகவே மதிலில் நின்று காட்டும். இன்னொரு பக்கம், வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் கண் அதை இரட்டிப்பாக உணர்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் வகுத்த விதிப்படி, இருளில் காணும் ஒரு பரப்பு இருமடங்கு பிரகாசமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ எட்டு மடங்கு ஒளி தேவை. இரண்டு வாட் கருவியை நான்கு வாட்டாக மாற்றிய விழாக் குழுவினர் வேறுபாடே தெரியவில்லை என்று கருவி கொடுத்தவரைக் கடிந்துகொள்வது இத்தொழிலில் அடிக்கடி நிகழ்வது. கடிந்துகொள்ளப்படுபவரிடம் பெரும்பாலும் தவறு இருப்பதில்லை.

மூன்று நிறங்களையும் கலந்து வெள்ளை ஆக்கும் வேலையில் கண்ணின் கணக்கு இன்னும் தெளிவாக வெளிப்படுகிறது. மேலே சொன்ன 638, 520, 450 நானோமீட்டர் கதிர்களைக் கொண்டு பகலொளி போன்ற வெள்ளையைப் பெற, பச்சை ஒரு வாட் என்றால் சிவப்பு ஏறத்தாழ ஒன்றரை வாட்டும் நீலம் அரை வாட்டுக்குச் சற்று மேலும் இருக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் வெள்ளையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது, சிவப்பின் பங்கு இருபத்தேழு, நீலத்தின் பங்கு இரண்டே. ஆனால் அந்த இரண்டை எடுத்துவிட்டால் வெள்ளை உடனே மஞ்சளாகிவிடும். வெளிச்சத்துக்கு ஏதும் செய்யாத நீலம் நிறத்துக்கு எல்லாமாக இருக்கிறது. இவ்வூரின் சித்திரை மாத வெப்பம் இதில் தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. சிவப்பு டயோடுகள் பச்சை, நீல டயோடுகளைவிட வெப்பத்தைத் தாங்காதவை. கருவியின் உள்வெப்பம் ஏற ஏற அவற்றின் ஆற்றல் விரைந்து குறையும். மாலையில் நல்ல வெள்ளையாக அமைத்த கதிர், தகரக் கொட்டகையின் கீழ் சில மணி நேரம் ஓடியபின் பச்சை கலந்த நீலச் சாயலுக்குத் திரும்பிவிடுவது இதனால்தான். சித்ரா பௌர்ணமி இரவில் வெள்ளை கெட்டுவிட்டது என்று பச்சையைக் குறைப்பதைவிட, கருவியின் காற்று வழியைத் துடைத்து விசிறிக்கு எதிரே இடம் விடுவதே சரியான மருந்து.

இதுவரை சொன்ன எண்கள் யாவும் பகல் கண்ணுக்கு உரியவை. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இருவகை. நிறத்தையும் நுட்பத்தையும் அறிவிக்கும் கூம்பு செல்கள் ஏறத்தாழ அறுபது லட்சம். நிறம் அறியாமல் மங்கிய ஒளியை மட்டும் உணரும் குச்சி செல்கள் ஏறத்தாழ பன்னிரண்டு கோடி. வெளிச்சம் குறைந்து கூம்புகள் ஓய்ந்து குச்சிகள் பொறுப்பேற்கும்போது, கண்ணின் உச்ச உணர்திறன் 555 நானோமீட்டரிலிருந்து 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலப் பச்சையின் பக்கம், நகர்ந்துவிடுகிறது. அந்திக் கருக்கலில் செம்மலர் கறுத்துப்போய், அதன் இலை அதைவிட வெளிறித் தெரிவது இந்நகர்வின் விளைவு. செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே இதை 1825இல் எழுதி வெளியிட்டதால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. லேசருக்கு இதன் பொருள் மிகப் பெரிது. பகல் கண்ணுக்கு 520 நானோமீட்டர் பச்சை, அதே ஆற்றலுள்ள 638 சிவப்பைப்போல் நான்கு மடங்குக்கும் சற்றுக் குறைந்த வெளிச்சம். முழு இருளில் பழகிய குச்சி செல்களுக்கோ அது ஐந்நூறு மடங்கு. அதே பச்சையோடு ஒப்பிட்டால் 450 நீலம் பகலில் பத்தொன்பதில் ஒரு பங்காக இருந்து இருளில் பாதியளவுக்கு உயர்ந்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்கு ஒத்திகை பார்த்து அமைத்த நிற விகிதம் நள்ளிரவில் அப்படியே இருக்காது என்பதையும், தெருவிளக்கு குறைந்த இடத்தில் நிற்பவருக்கும் கடைவீதியின் வெளிச்சத்தில் நிற்பவருக்கும் ஒரே காட்சி இரு வேறு காட்சியாகத் தெரியும் என்பதையும் விளக்கு அமைப்பவர் முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது.

கார்த்திகைத் தீபத் திருநாளின் மாலை இந்தக் கருக்கலுக்குள்தான் விழுகிறது. விடியற்காலை கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றப்பட்டபின், மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீசுவரர் சில மணித்துளிகள் மட்டும் காட்சி தருகையில், 2668 அடி உயர மலையின் உச்சியில் ஆளுயரக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் காடாத் துணித் திரியுமாக அது பதினொரு நாள் எரிகிறது. கார்த்திகை மாதத்தில் கதிரவன் மறைந்து ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும் பொழுது அது. அப்போது கூம்பு செல்களும் குச்சி செல்களும் சேர்ந்து வேலை செய்யும் இடைநிலையில் கண் இருக்கிறது. நெய்ச் சுடரின் ஒளி, வெப்பத்தில் ஒளிரும் கரித்துகள்களிலிருந்து வருவது. அது எல்லா அலைநீளங்களும் தொடர்ந்து கலந்தது என்றாலும், மிகுதி மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அப்பால் புலப்படாத அகச்சிவப்பிலேயே போய்ச் சேர்கிறது. நீலமும் பச்சையும் அதில் சொற்பம். எனவே கண் நீலப் பச்சையை நோக்கி நகரும் நேரத்தில், அதற்கு எதிர்ப்புறம் சாய்ந்த நிறத்தோடு தீபம் தோன்றுகிறது. ஆயினும் இலட்சக்கணக்கானோர் அதைத் தடையின்றிக் காண்கிறார்கள், ஏனெனில் நேராக நோக்கும்போது உருவம் விழும் விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்களே இல்லை. அங்கே கூம்புகளின் ஆட்சி நீடிப்பதால், உற்று நோக்குபவருக்குத் தீபம் பொன்னிறம் மாறாமல் நிற்கிறது.

அந்த நேரத்தில் கோயிலைச் சுற்றிய மாடங்களிலிருந்தோ கிரிவலப் பாதையின் ஓரத்திலிருந்தோ பச்சை லேசர் ஒன்று மலையின் பக்கம் திரும்பினால் என்ன நேரும் என்பதை மேற்கண்ட எண்களே சொல்லிவிடும். கருக்கலின் கண் மிகவும் விரும்பி ஏற்கும் நிறத்தில், ஒரே கோடாகத் திரண்ட ஒளி, தீபத்துக்குக் கீழே மலைச்சரிவில் நெளிகிறது. நடுக்குழியைத் தவிர்த்த விழித்திரை முழுவதும் அதையே அறிவிக்கிறது. நேராகப் பார்ப்பவரின் நோக்கையும் அது பக்கத்துக்கு இழுக்கிறது. இருளுக்குக் கண் முழுமையாகப் பழக அரைமணி நேரமளவு ஆகும். பச்சையும் நீலமும் குச்சி செல்களின் நிறமியை வெளுக்கச் செய்வதால் அந்தப் பழக்கம் அடிக்கடி அறுபடுகிறது, சிவப்பு அவ்வாறு செய்வது மிகக் குறைவு. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கிவருகிறது. அத்தகைய வான்நோக்கு நிலையங்களில் இரவு வேலைக்கு மங்கிய சிவப்பு விளக்கையே வானியலாளர் பயன்படுத்துவது இதே காரணத்தால்தான். திருவண்ணாமலையின் விளக்குத் தொழில் தன் அண்டை மலையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. பௌர்ணமி நிலவு தரும் வெளிச்சம் கால் லக்ஸ் அளவே. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமன். அந்த நிலவொளியில் மலையைப் பார்த்தபடி பதினான்கு கிலோமீட்டர் நடப்பதே கிரிவலத்தின் சுகம் என்று வருபவர்களுக்கு, வழிநெடுகப் பச்சைக் கதிர்களை வீசுவது நிலவை அணைத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

கதிரைக் காற்றில் காட்டுவது வேறொரு கலை. லேசர்க் கதிர் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், வழியிலுள்ள ஏதோவொன்று அதைச் சிதறடித்து அவர் பக்கம் அனுப்ப வேண்டும். தூய காற்றின் மூலக்கூறுகளால் நேரும் சிதறல், அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 450 நீலம் 638 சிவப்பைப்போல் நான்கு மடங்கு சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். எனினும் மூலக்கூறுச் சிதறல் மிகச் சொற்பமானது. மேடையில் ஸ்மோக் மெஷின் விடும் புகையின் துளிகளோ, கார்த்திகை மார்கழிப் பனித்துளிகளோ, கற்பூரப் புகையோ வந்துவிட்டால் அவற்றின் பங்கே மேலோங்கும். அத்துளிகள் ஒளியின் அலைநீளத்துக்கு நிகராகவோ அதைவிடப் பெரிதாகவோ இருப்பதால் நிற வேறுபாடு பெரிதும் மறைந்து, திசை வேறுபாடு முன்னுக்கு வருகிறது. புகை ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். ஆகவே கதிர் தங்கள் தலைக்கு மேலாகத் தங்களை நோக்கி வரும் பக்கத்திலுள்ளவர்களுக்கு அது தடித்துப் பிரகாசிக்கும்; கருவிக்குப் பின்னால் நிற்கும் தொழில்காரருக்கு அதே கதிர் மெலிந்து தெரியும். கருவியருகே நின்று பார்த்துப் போதவில்லை என்று ஆற்றலை ஏற்றும் பழக்கம் இதனால் ஆபத்தானது. கூட்டம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

சிதறலும் கண்ணும் சேர்ந்து செய்த மாபெரும் வேலை ஒன்றைத் தமிழர் மறந்துவிடலாகாது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்டபோது லேசர் உலகிலேயே இல்லை. கதிரவன் ஒளியை நீல ஊதா வடிகட்டி வழியே திரவத்தில் செலுத்தி, அந்த நீல ஊதாவை முற்றிலும் தடுக்கும் மஞ்சள் பச்சை வடிகட்டியைக் கண்ணுக்கு முன் வைத்தார்கள். எதுவும் தெரியக்கூடாத அவ்விடத்தில் மங்கிய ஒளித்தடம் தெரிந்தது. இருளில் பழகிய கண்ணே அங்கே அளவைக் கருவியாக இருந்தது. சிதறிய ஒளி கண் நன்கு உணரும் பச்சையின் பக்கம் வந்து விழுந்தது அவர்களுக்குத் துணையாயிற்று. பிற்காலத்தில் ராமன் கண்ணையே ஆய்வுப் பொருளாக்கி, 1968இல் பார்வையின் உடலியல் குறித்து ஒரு முழு நூலையே வெளியிட்டார். நிறப்பார்வை பற்றிய அவருடைய கொள்கையை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. எனினும் வடிகட்டிகளை வைத்துக்கொண்டு வெண்திரையை நோக்கித் தன் கண்ணின் போக்கைத் தானே கவனித்த அந்தப் பொறுமை, விளக்குத் தொழில் செய்யும் எவரும் பின்பற்றத் தக்கது.

தர வளைகோடு சராசரிக் கண்ணுக்கு உரியது என்பதையும் தொழிலில் உள்ளோர் நினைவில் வைக்க வேண்டும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகி, நீலத்தையும் ஊதாவையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் முதியோர் மிகுதி. இளைஞர் ஒருவர் அமைக்கும் நீல அலங்காரம் அவர்களில் பலருக்குச் சாம்பல் நிறமாகவே போய்விடும். கண்புரை அறுவை முடிந்து செயற்கை வில்லை பொருத்தப்பட்டோர் நீலம் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்வது இதன் மறுபக்கம். மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அதைப் போன்றவையும் தமிழ்நாட்டில் அந்த அனுபவத்தைச் சிற்றூர்கள் வரை கொண்டுசென்றிருக்கின்றன. பிறவியிலேயே சிவப்பை உணரும் கூம்புகள் இல்லாத, அல்லது மாறுபட்ட ஆண்கள் நூற்றுக்குச் சிலர் உண்டு. அவர்களுக்குச் சிவப்பு லேசர் மற்றவர்களுக்குத் தெரிவதைவிட மிகவும் மங்கலாகத் தெரியும். அத்தகைய ஒருவர் தம் குறையை அறியாமல் நிறக் கலவையை அமைத்தால் சிவப்பை அளவுமீறி ஏற்றிவிடுவார். லேசர் வேலைக்கு எடுக்கும் பையன்களுக்கு நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுவது செலவில்லாத முன்னெச்சரிக்கை. எழுத்துகளை லேசரால் சுவரில் எழுதும்போது நீலத்தைத் தவிர்ப்பதும் இதோடு சேர்ந்தது. பச்சைக்குக் குவியம் சரியாக இருக்கும் கண்ணில் நீலம் விழித்திரைக்கு முன்னதாகவே குவிந்துவிடுவதால், தொலைவிலுள்ளவர்களுக்கு நீல எழுத்து எப்போதும் விளிம்பு கலைந்தே தெரியும்.

விழா விளக்கைவிட அமைதியான இன்னொரு தொழிலில் இந்த அறிவு அன்றாடம் பயன்படுகிறது. கிரிவலப் பாதையை ஒட்டி எழும் விடுதிகளிலும் ஆசிரமங்களிலும் கொத்தனார்களும் டைல்ஸ் ஒட்டுபவர்களும் ரசமட்டத்துக்கும் டியூப் லெவலுக்கும் துணையாக லேசர் லெவல் வைத்திருக்கிறார்கள். 635 நானோமீட்டர் சிவப்பைவிட 520 பச்சை அதே ஆற்றலில் மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சமாகத் தெரிவதால், ஜன்னல் திறந்த பகல் அறையில் பச்சைக் கோடு பிடிபடுகிறது, சிவப்பு தேட வேண்டியதாகிறது. அதற்கு விலை உண்டு: பச்சை டயோடுக்கு மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும், மின்சாரத்தை ஒளியாக்கும் திறன் குறைவு, ஆகவே பேட்டரி விரைவில் தீரும். மொட்டை மாடியில், இலட்சம் லக்ஸ் வெயிலில், இரண்டு நிறமும் உதவாது; கோட்டின் துடிப்பை உணர்ந்து ஒலியெழுப்பும் உணரியைப் பிடித்துக்கொண்டு அளப்பதே வழி.

இனி எச்சரிக்கைக்கு வரலாம். கண்ணைக் கூசச்செய்வதை லூமன் தீர்மானிக்கிறது. விழித்திரையைச் சுடுவதைப் பெரும்பாலும் வாட் தீர்மானிக்கிறது. ஒளி அளவுமீறிக் கூசினால் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும். ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட இரண்டாம் வகுப்புக் கருவிகளைப் பாதுகாப்பானவை என்று கருதுவதற்கு அந்த அனிச்சைச் செயலே அடிப்படை. மங்கலாகத் தெரியும் நிறத்தில் அது நம்பத்தக்கதன்று. 405 நானோமீட்டர் ஊதா லேசர், அதே மில்லிவாட்டுள்ள 532 பச்சையைவிடப் பகல் கண்ணுக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கல். ஆனால் விழித்திரையில் சேரும் ஆற்றல் குறையவில்லை, குறுகிய அலைநீளத்துக்கே உரிய வேதிச் சிதைவும் கூடுகிறது. அதே ஊதாப் புள்ளி கருங்கல் தூணில் அரிதாகவே தெரிந்து, சலவை செய்த வெள்ளை வேட்டியில் பட்டவுடன் நீலவெண்மையாய்ச் சுடர்வதைக் காணலாம். சோப்புத் தூளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் ஊதாவை உறிஞ்சிக் கண்ணுக்கு நன்கு தெரியும் நீலமாக உமிழ்வதே காரணம். தூணில் கண்டது அதன் வலிமை என்று எண்ணி ஒருவர் முகத்தின் பக்கம் திருப்பினால் கேடு நேரும். திருவிழாக் கடைகளில் விற்கும் மலிவான 532 பச்சைப் பேனாக்களில் வேறோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அவற்றில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒரு படிகத்தில் 1064ஆகவும், அது இன்னொரு படிகத்தில் பாதி அலைநீளமாகவும் மாற்றப்பட்டே 532 கிடைக்கிறது. வடிகட்டி வைக்காத பேனாவில் மீதமான அகச்சிவப்பும் கூடவே வெளியேறும். அதற்கு லூமன் பூச்சியம், சுடும் திறன் உண்டு.

எதிர்ப்புறத்தில், சுடாத தொலைவிலும் கூசவைக்கும் ஆற்றல் பச்சைக்கு உண்டு. ஒரு மில்லிரேடியன் விரியும் கதிர், அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டர் அகலும் கதிர், இரண்டு கிலோமீட்டர் சென்றபின் இரண்டு மீட்டர் வட்டமாகிறது. ஒரு வாட் பச்சையானால் அந்த வட்டத்தில் 150 லக்ஸுக்கு மேல் விழும். பௌர்ணமி நிலவைப்போல் ஏறத்தாழ அறுநூறு மடங்கு. தீப நாளில் மலையேறியவர்கள் இருட்டில் பாறை பார்த்துக் காலெடுத்து வைத்து இறங்கும்போது, கீழிருந்து அப்படியொரு கதிர் முகத்தில் அடித்தால் சில நொடிகள் பார்வை போய்விடும். செங்குத்தான சரிவில் சில நொடிகள் போதும். சென்னையில் தரையிறங்கும் விமானங்களின்மீது லேசர் பாய்ச்சப்பட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. விமானிகளின் கண்கூச்சத்தைக் கணிக்கும் பன்னாட்டு விதிகளில் வாட்டை அப்படியே கொள்ளாமல், கண்ணின் உணர்திறனுக்கேற்பத் திருத்தியே கொள்கிறார்கள். விமானிக்குக் காட்டும் அக்கறையை மலையிறங்கும் அடியாருக்கும் காட்டுவதுதான் முறை.

திருவண்ணாமலையில் விழா ஏற்பாடு செய்வோரிடமும் தொழில் செய்வோரிடமும் இக்கட்டுரையாளர் கேட்டுக்கொள்வது இவ்வளவே: லேசர் கருவியை எடுக்கும்போது வாட்டோடு அலைநீளத்தையும் எழுதி வாங்குங்கள், அலைநீளம் எழுதாத கருவியைத் தொடாதீர்கள், எந்த நிறக் கதிரையும் மலையின் பக்கமோ ஆட்கள் நிற்கும் உயரத்திலோ திருப்பாதீர்கள், தீபத் திருநாளன்று மாலை ஐந்தரை மணிக்கு எல்லா லேசர்களையும் அணைத்துவிட்டு, வந்தவர்கள் அனைவரும் மகாதீபத்தைக் கண்ணாரக் கண்டு முடிக்கும்வரை மீண்டும் ஏற்றாதீர்கள்.